பேர் லேக் ராட்சசனும் சாகவே முடியாத காயீனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க ஏரிகளைப் பத்தி வந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, உட்டா மாநில எல்லையில இருக்கற பேர் லேக்ல ஒரு ராட்சச ஜந்து இருக்கறதா அங்க இருக்கற மார்மன் மக்கள் 150 வருஷத்துக்கு மேல சொல்லிட்டு வர்றாங்கன்னு ரெண்டே ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரியைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு கேள்வி வரும்னு நான் நினைக்கவே இல்ல. எனக்கும் ரொம்ப பிடிச்ச விஷயம்கறதால இந்த தடவை வேற எந்த கேள்வியையும் எடுத்துக்கல, முழுக்க இதுதான்.

மார்மன்னா யாரு? அவங்களும் கிறிஸ்தவங்கதானே, அவங்களுக்குன்னு தனியா ராட்சசக் கதை எப்படி வந்துச்சு? (ஒரு கல்லூரி மாணவி)

நல்ல எடத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க தங்கச்சி. 1830-ல நியூயார்க் மாநிலத்துல ஜோசஃப் ஸ்மித்னு ஒரு இளைஞர், தங்கத் தகடுகள்ல எழுதியிருந்த ஒரு பழைய வேதத்தை ஒரு தேவதூதன் காட்டிக் கொடுத்தாருன்னு சொல்லி மார்மன் புத்தகத்தை வெளியிட்டாரு, அதே வருஷம் சபையும் ஆரம்பிச்சாச்சு. அப்புறம் போற ஊர்லெல்லாம் விரட்டல், அடிதடி, 1844-ல இல்லினாய்ஸ்ல ஜெயிலுக்குள்ளயே ஒரு கும்பல் அவரை சுட்டுக் கொன்னுடுச்சு. மிச்சம் இருந்தவங்கள்ல பெரும்பகுதி, அடுத்த தலைவரா வந்த பிரிகாம் யங் பின்னாடி மாட்டுவண்டி கட்டிக்கிட்டு மேற்கே நடந்து 1847 ஜூலையில சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தாங்க. இப்ப சபைக்காரங்க "மார்மன்"ங்கற பட்டப்பேர் வேண்டாம், சபையோட முழுப்பேரை சொல்லுங்கன்னு 2018-லேர்ந்து கேட்டுக்கறாங்க, அது நியாயமான கேள்விதான், ஆனா பழைய கதைகளைப் பத்தி பேசறதால இங்க நான் மார்மன்னே எழுதறேன், தப்பா எடுத்துக்க வேண்டாம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. விரட்டப்பட்ட ஒரு ஜனம், முன்ன பின்ன பார்க்காத பாலைவனம், உப்பு ஏரி, மொட்டை மலை, ராத்திரி ஓநாய் சத்தம், கையில ஒரு புது வேதம். அந்த வேதமோ அமெரிக்க மண்ணுலயே பழைய காலத்துல பெரிய பெரிய ஜாதிகள் வாழ்ந்து அழிஞ்சு போனதா சொல்லுது. அப்ப ஒவ்வொரு மலைக்கும் ஏரிக்கும் ஒரு கதை இருந்தாகணும்ல? இன்னொண்ணு, இந்த கதைகள்ல பெரும்பாலானது சபையோட போதனை கிடையாது, மேடையில பிரசங்கமா சொல்றது இல்ல, அடுப்பங்கரையிலயும் கேம்ப் நெருப்பு பக்கத்துலயும் மிஷனரி பசங்க தங்கற ரூம்லயும் வாய் வழியா ஓடறது. இதை மனசுல வச்சுக்கிட்டு மத்ததைப் படிங்க.

பேர் லேக் ஜந்து எப்படி இருக்குமாம்? யாரு முதல்ல பார்த்தது? கொஞ்சம் விவரமா சொல்லுங்க. (எட்டாவது படிக்கற ஒரு வாசகர்)

விவரமாவே சொல்றேன் தம்பி. பேர் லேக் பாதி உட்டாவுலயும் பாதி ஐடஹோவுலயும் கிடக்கற பெரிய ஏரி, தண்ணியில மிதக்கற நுண்ணிய சுண்ணாம்புத் துகளால அப்படியே பச்சை கலந்த நீல நிறத்துல பளபளன்னு இருக்கும், உலகத்துல வேற எங்கயும் இல்லாத நாலு வகை மீன் அங்க மட்டும் இருக்கு. அந்தப் பள்ளத்தாக்குல 1863-ல சார்லஸ் ரிச்ங்கற மார்மன் அப்போஸ்தலர் (அந்த சபையோட உயர் தலைவர்களை அப்படித்தான் சொல்லுவாங்க) தலைமையில குடியேறினாங்க. அவரோட மகன் ஜோசஃப் ரிச். இவருதான் 1868-ல சால்ட் லேக் சிட்டியில சபை நடத்தின டெசரெட் நியூஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதறாரு. என்னன்னா, இந்த ஏரியில ஒரு ஜந்து இருக்குன்னு இந்தியர்கள், அதாவது அங்க காலங்காலமா இருக்கற ஷோஷோனி மக்கள், ரொம்ப நாளா சொல்றாங்க, பாம்பு மாதிரி உடம்பு, ஒண்ணரை அடி நீளத்துல குட்டைக் கால், சில சமயம் கரை வரைக்கும் ஊர்ந்து வரும், வாயிலேர்ந்து தண்ணியை மேல பீய்ச்சும், குளிக்கப் போனவங்களைத் தூக்கிட்டுப் போயிருக்கு, காட்டெருமைக் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போனதுக்கப்புறம் அவங்க கண்ணுல படல, ஆனா இப்ப நம்மாளுங்களே பார்த்துட்டாங்க, அப்படின்னு. அதோட விடல, யாரு பார்த்தது எந்தக் கரையில பார்த்ததுன்னு பேரோட, ஊரோட எழுதறாரு. ஒருத்தருக்கு 40 அடி, இன்னொருத்தருக்கு 90 அடி. வேகம்? நிமிஷத்துக்கு ஒரு மைல்!

ஊரே கிடுகிடுத்துப் போச்சு. ஒருத்தரு 300 கஜம் தடிக்கயிறு, அதோட முனையில பெரிய கொக்கி, கொக்கியில ஆட்டுக்கால்னு தூண்டில் போட்டுப் பிடிக்க திட்டம் போட்டாரு. பிரிகாம் யங்கே அதுக்கு கயிறு அனுப்பி வச்சாருன்னு ஒரு பேச்சு இன்னிக்கும் அந்தப் பக்கம் இருக்கு. அதுக்கப்புறம் பக்கத்து ஏரிகள்லயும் பார்த்தோம் பார்த்தோம்னு செய்தி வர ஆரம்பிச்சு, ஏரிக்கு ஏரி பூமிக்கடியில சுரங்க வழி இருக்கு, ஜந்து அது வழியாதான் போய் வருதுன்னு வேற பேசினாங்க. 1877-ல கிரேட் சால்ட் லேக் வடகரையில உப்பு எடுக்கற தொழிலாளிங்க, முதலை உடம்பும் குதிரைத் தலையுமா ஒண்ணு கரையேறி வர்றதைப் பார்த்து மலை மேல ஓடி விடிய விடிய ஒளிஞ்சிருந்ததா பத்திரிகையிலயே வந்துச்சு.

கடைசியில 26 வருஷம் கழிச்சு ஜோசஃப் ரிச்சே, அது முதல் தரமான பொய்னு ஒத்துக்கிட்டாரு. அதோட கதை செத்துடுச்சுன்னு நினைக்கறீங்களா? இல்லவே இல்ல. 1907-ல கேம்ப் போட்டவங்களோட குதிரையைத் தின்னுடுச்சுன்னு செய்தி, 2002-ல கூட ஒரு படகுக்காரர் பார்த்ததா சொன்னாரு. அங்க அந்த ஜந்து உருவத்துலயே ஒரு படகு செஞ்சு குழந்தைங்களை ஏத்திக்கிட்டு ஏரியில சுத்திக் காட்டுவாங்களாம். பயந்து ஓட வச்ச ஜந்து இப்ப ஊரோட செல்லப்பிள்ளை.

பொய்னு எழுதினவரே ஒத்துக்கிட்டாரு. அப்புறமும் இதை "நாட்டுப்புற மரபு"ன்னு தூக்கி வச்சு பேசறது சரியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

ஐயா, உங்க கேள்வியில இருக்கற கோபம் எனக்குப் புரியுது. ஆனா நான் இதை வேற மாதிரி பார்க்கறேன். கதை நிஜமா பொய்யாங்கறது ஒரு கேள்வி, அதுக்கு ஒரு வார்த்தையில பதில் முடிஞ்சுடும். யாரு சொன்னா, யாருக்கு சொன்னா, எப்ப சொன்னாங்கறது இன்னொரு கேள்வி, அங்கதான் விஷயமே இருக்கு.

1863-ங்கற வருஷத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. அந்த வருஷம் ஜனவரி 29-ஆம் தேதி, கடுங்குளிர்ல, பேர் ஆத்தங்கரையில தங்கியிருந்த ஷோஷோனி மக்கள் மேல கர்னல் கானர் தலைமையில கலிஃபோர்னியா தொண்டர் படை விடியற்காலையில பாய்ஞ்சுது. பொம்பளைங்க, குழந்தைங்க உட்பட நூத்துக்கணக்குல செத்தாங்க, பேர் ஆத்துப் படுகொலைன்னு அதுக்குப் பேரு. அது நடந்த எடம் மலைக்கு அந்தப் பக்கம், பேர் லேக் இந்தப் பக்கம். சில மாசத்துலயே, அதே வருஷம், ரிச் குடும்பம் இங்க வந்து குடியேறுது. அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் குடும்பத்துப் பையன் "இந்தியர்கள் சொல்ற கதை"ன்னு ஆரம்பிச்சு எழுதறாரு. காட்டெருமை போனதோட ஜந்தும் போயிடுச்சுன்னு அந்தக் கதையில ஒரு வரி வருதே, அதைப் படிக்கும்போது எனக்கு தொண்டை அடைக்குது ஐயா. காட்டெருமைதான் அந்த மக்களோட சோறு, துணி, கூடாரம். அது போச்சுன்னா அவங்க உலகமே போச்சுன்னு அர்த்தம். வெள்ளைக்காரப் பத்திரிகையில அது வெறும் சுவாரசியமான துணுக்கா வந்துடுச்சு. ஷோஷோனி மக்கள் தங்களுக்குள்ள இந்தத் தண்ணிப் பாம்பைப் பத்தி உண்மையில என்ன பேசிக்கிட்டாங்க, எதுக்காகப் பேசிக்கிட்டாங்கங்கறதை ரிச்சோட கடிதத்தை வச்சு முடிவு பண்ணவே முடியாது, ஏன்னா அதுல எவ்வளவு அவங்களோடது எவ்வளவு இவரோடதுன்னு பிரிக்க முடியல.

குடியேறினவங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா, ஒரு ஏரிக்கு கதை சொல்ல ஆரம்பிச்சுட்டோம்னாலே அது நம்ம ஏரியாயிடுது. அதுதான் நடந்துச்சு. அதனாலதான் பொய்னு தெரிஞ்சதுக்கப்புறமும் கதையை யாரும் விடல.

பிக்ஃபுட்டுங்கற முடி மனுஷன் பைபிள்ல வர்ற காயீன்தான்னு மார்மன்கள் நம்பறாங்கன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். இது உண்மையா? (ஒரு வாசகி)

எல்லாரும் நம்பறாங்கன்னு சொன்னா அது தப்பு. ஆனா அப்படி ஒரு கதை அவங்களுக்குள்ள பலமா ஓடறது உண்மை. காயீன்னா பைபிள்ல தம்பி ஆபேலைக் கொன்னுட்டு, பூமியில அலையணும்னு கடவுள்கிட்ட சாபம் வாங்கினவன். கொஞ்சம் நீளமா சொல்லணும், பொறுமையா படிங்க.

டேவிட் பாட்டன்னு ஒருத்தர், 1835-ல சபையோட முதல் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்ல ஒருத்தர். 1838-ல மிசௌரியில நடந்த சண்டையில செத்துப் போயிட்டாரு. அவரு செத்து பல வருஷம் கழிச்சு, அவரோட பழகின ஆப்ரகாம் ஸ்மூட்ங்கறவர் ஒரு கடிதம் எழுதறாரு. பாட்டன் டென்னசியில ஊழியம் செஞ்சப்ப ஒரு சாயங்காலம் கோவேறு கழுதை மேல வந்துக்கிட்டிருந்தாராம், பக்கத்துலயே ஒரு உருவம் நடந்து வருதாம், இவரு கழுதை மேல உக்காந்திருக்காரு, நடந்து வர்ற அதோட தலை இவரு தோள் உயரத்துக்கு இருக்கு, துணி இல்ல, உடம்பு பூரா முடி, தோல் ரொம்ப கருப்பு. நீ யாருன்னு கேட்டா, எனக்கு வீடு இல்ல, பூமி பூரா அலையறேன், சாகணும்னு தேடறேன், சாவு வரமாட்டேங்குது, மனுஷ ஆத்துமாக்களைக் கெடுக்கறதுதான் என் வேலைன்னு சொல்லுச்சாம். பாட்டன் இயேசு நாமத்துல அதட்டினதும் போயிடுச்சாம். அது காயீன்தான்னு அவருக்குத் தோணுச்சாம். இந்தக் கடிதம் 1900-ல பாட்டன் வாழ்க்கை வரலாற்றுல அச்சாச்சு, 1969-ல ஸ்பென்சர் கிம்பல்ங்கற அப்போஸ்தலர் எழுதின, வீட்டுக்கு வீடு இருந்த ஒரு புத்தகத்துல மறுபடி வந்துச்சு. அதோட எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாயிடுச்சு.

நம்ம வாசகர்களுக்கு இந்த எடத்துல அசுவத்தாமன் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அதேதான் வந்துச்சு. செஞ்ச பாவத்துக்கு தண்டனை சாவு இல்ல, சாகவிடாம அலைய விடறதுதான்னு ரெண்டு வேற வேற ஜனம் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு பாருங்க.

இப்ப பிக்ஃபுட் எங்க வந்துச்சு? அந்தப் பேரே 1958-லதான், வடக்கு கலிஃபோர்னியாவுல ரோடு போடற எடத்துல பெரிய காலடித் தடம் கிடைச்சப்ப பிறந்துச்சு. 1967-ல அந்த முடி உருவம் நடந்து போற மாதிரி ஒரு துண்டுப் படம் எடுத்து உலகம் பூரா பேச்சாச்சு. 1980-ல உட்டாவுல சவுத் வெபர்ங்கற ஊர் பக்கம் பிக்ஃபுட்டைப் பார்த்தோம்னு சிலர் சொன்னாங்க. அந்த சமயத்துல, முடி இருக்கு, உயரம் இருக்கு, அலையுது, யார் கையிலயும் சிக்கல, அப்ப இது நம்ம பாட்டன் பார்த்த காயீனா இருக்குமோன்னு ரெண்டு கதையும் ஒட்டிக்கிச்சு. நோவா காலத்து வெள்ளத்துல இவன் எப்படி தப்பிச்சான்னு கேக்கறவங்களும் அவங்களுக்குள்ளயே உண்டு, சாகக் கூடாதுங்கறதுதானே சாபம், அப்ப வெள்ளம் என்ன பண்ணும்னு பதில் சொல்றவங்களும் உண்டு.

ஆனா கவனிங்க, ஒட்டும்போது ஒரு விஷயம் மாறிப் போச்சு. பழைய கதையில வந்தவன் பேசறான், தன் பாவத்தை சொல்றான், ஆத்துமாவைக் கெடுக்க வந்த சாத்தானோட ஆளு. புதுக் கதையில வர்றது பேசாத ஒரு காட்டு மிருகம், ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கும், கூடாரத்தை ஆட்டும், அவ்வளவுதான். பாவத்தைப் பத்தின பயம் காட்டைப் பத்தின பயமா குறைஞ்சு போச்சு.

இதே காயீன் கதையால கருப்பின மக்களை ஒதுக்கி வச்சாங்கன்னும் படிச்சேன். விளையாட்டுக் கதையா இதை எடுத்துக்கறது எப்படி? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

நீங்க கேக்கலைன்னா நானே எழுதணும்னு இருந்தேன். விளையாட்டா எடுத்துக்க முடியாதுதான்.

காயீன் மேல கடவுள் போட்ட அடையாளம் கருப்புத் தோல்தான்னு ஒரு வியாக்கியானம், அது மார்மன்கள் கண்டுபிடிச்சது இல்ல, அமெரிக்காவுல அடிமை வச்சிருந்த பல சபைகள்ல அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ஆனா மார்மன்கள் அதை சட்டமாக்கினாங்க. 1852-ல பிரிகாம் யங், கருப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாதுன்னு வெளிப்படையா அறிவிச்சாரு. அந்த சபையில சாதாரண ஆம்பளைங்க எல்லாருக்கும் கிடைக்கற பொறுப்பு அது, அது இல்லைன்னா கோயில்ல நடக்கற பெரிய சடங்குகளும் கிடையாது, கருப்பினப் பெண்களுக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருந்துச்சு. 126 வருஷம்! 1978 ஜூன்லதான் அதை எடுத்தாங்க. எடுத்த தலைவர் யாருன்னா அதே ஸ்பென்சர் கிம்பல், 1969-ல காயீன் கதையைப் புத்தகத்துல சேர்த்தவரு. 2013-ல சபையே ஒரு கட்டுரை வெளியிட்டு, கருப்புத் தோல் சாபத்தோட அடையாளம்கற பழைய விளக்கங்களை எல்லாம் நாங்க ஏத்துக்கலன்னு சொல்லிடுச்சு.

பாட்டன் கதையை இப்ப திரும்பப் படிச்சுப் பாருங்க. முடியும் இருக்கு, கருப்புத் தோலும் இருக்கு. அந்தக் காலத்துல கேட்டவங்க காதுல தோல்தான் விழுந்திருக்கும், தங்களோட விதிக்கு ஒரு சாட்சி மாதிரி. இப்ப சொல்றவங்க முடியை மட்டும் வச்சுக்கிட்டு தோலை விட்டுட்டாங்க, பிக்ஃபுட்டாக்கிட்டாங்க. விட்டது நல்லதுதான். ஆனா ஒரு கருப்பினக் குடும்பம் அந்த சபையில உக்காந்திருக்கும்போது, கேம்ப் நெருப்பு பக்கத்துல அவங்க பிள்ளை காதுல இந்தக் கதை விழுந்தா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு நான் யோசிக்காம இருக்க முடியல. கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லாம கதையை மட்டும் சொல்லாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

பயமுறுத்தற கதைகள் மட்டும்தானா? நல்லது செய்யற ஆளுங்க யாரும் இல்லையா? (ஒரு குடும்பத் தலைவி)

இருக்காங்க அக்கா, எனக்கு இருக்கறதுலயே ரொம்ப பிடிச்சவங்களும் அவங்கதான். மூணு நேபியர்கள். நேபியர்னா மார்மன் புத்தகத்துல பழைய அமெரிக்காவுல வாழ்ந்ததா வர்ற ஒரு ஜனம்.

மார்மன் புத்தகத்துல, உயிர்த்தெழுந்த இயேசு அமெரிக்காவுக்கு வந்து அங்கயும் பன்னிரண்டு சீஷர்களைத் தேர்ந்தெடுத்ததா வருது. உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டப்ப, மூணு பேர் மட்டும் நீங்க திரும்ப வர்ற வரைக்கும் சாகாம இருந்து ஜனங்களுக்கு உதவணும்னு ஆசைப்பட்டாங்க, கிடைச்சுது. பேர் சொல்லல, அடையாளம் சொல்லல. நம்ம ஊர்ல சிரஞ்சீவின்னு சொல்ற மாதிரிதான். வேதத்துல அதோட நின்னுடுச்சு, ஜனங்கதான் மிச்சத்தை எழுதினாங்க.

பழைய கதைகள் எப்படி போகும்னா, புருஷன் ஊழியத்துக்கு வெளியூர் போயிருப்பாரு, இல்ல இன்னொரு பொண்டாட்டி வீட்டுல இருப்பாரு, அப்ப அந்த ஜனங்களுக்குள்ள பலதார மணம் உண்டு, இந்தம்மா குழந்தைங்களோட தனியா, வீட்டுல கடைசிப் பிடி மாவு. கதவு தட்டற சத்தம். வெள்ளைத் தாடியோட ஒரு கிழவர், பசிக்குதும்பாரு. இருக்கற ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாங்க. சாப்பிட்டுட்டு, இந்த வீட்டுல இனிமே மாவு தீராதுன்னு சொல்லிட்டு வெளிய போவாரு. எட்டிப் பார்த்தா ஆளக் காணோம், வெளிய பனி கொட்டிக் கிடக்கு, ஒரு காலடி கூட இல்ல. பஞ்சம் முடியற வரைக்கும் அந்த மாவுப் பானை காலியாகவே இல்ல.

இந்தக் கதைகளைப் பெண்கள் எவ்வளவு சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. பனிக்காலத்துல ஆம்பளைத் துணை இல்லாம பிள்ளைங்களைக் காப்பாத்தினது அந்தம்மாவோட தெம்பு. கதையில அந்தத் தெம்புக்கு ஒரு கிழவர் உருவம் கிடைச்சுது.

கார் வந்ததுக்கப்புறம் கிழவர் வாசல்லேர்ந்து ஹைவேக்கு மாறிட்டாரு. லிஃப்ட் கேப்பாரு, பின் சீட்ல ஏறுவாரு, கஷ்ட காலம் வரப்போகுது, வீட்டுல சாப்பாட்டு சாமான் சேர்த்து வையுங்கன்னு சொல்லுவாரு, திரும்பிப் பார்த்தா சீட் காலி. சபையே வீட்டுல உணவு சேமிச்சு வைக்கச் சொல்லி அழுத்திச் சொன்ன காலம் அது, கதை அதுக்கேத்த மாதிரி மாறிடுச்சு. ப்ரோவோ ஊர்ல பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல வில்லியம் வில்சன்னு ஒரு பேராசிரியர் இந்த மாதிரிக் கதைகளை வருஷக்கணக்கா மாணவர்களை வச்சு சேகரிச்சாரு, இப்ப அந்த நாட்டுப்புறக் காப்பகத்துக்கே அவர் பேர்தான். ஒரு சபையோட சொந்தப் பல்கலைக்கழகம் சாதாரண ஜனங்க பேசினதை இப்படி மதிச்சு எடுத்து வச்சிருக்கறது பெரிய விஷயம்.

கியூரலம், கூமம்னு ஏதோ மிருகம் மார்மன் புத்தகத்துல வருதாமே? (ஒரு விலங்கியல் மாணவர்)

வருது. ஏத்தேர்ங்கற பகுதியில, யாரேதியர்கள்ங்கற இன்னொரு பழைய காலத்து ஜனத்துகிட்ட இருந்த ஆடுமாடுகளை வரிசையா சொல்லும்போது யானை, கியூரலம், கூமம், இந்த மூணும் மனுஷனுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சுன்னு ஒரு வரி. அவ்வளவுதான். எவ்வளவு பெருசு, என்ன தின்னும், கொம்பு உண்டா, ஒண்ணும் இல்ல. ஆர்சன் பிராட்ங்கற அப்போஸ்தலர், அழிஞ்சு போன யானை இனமான மாமூத்தா இருக்கலாம்னு யோசிச்சாரு. அப்புறம் வந்த ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தோணின உருவத்தை கொடுத்துக்கிட்டு வருது, ஞாயிறு வகுப்புல குழந்தைங்க படம் வரைவாங்க. விலங்கியல்ல இப்படி ஒண்ணு இல்ல தம்பி, தேட வேண்டாம்.

மிஷனரிகள் நீந்தக் கூடாதுன்னு ஒரு விதி இருக்காம், தண்ணி சாத்தானோட எடம்கறதாலன்னு என் நண்பர் சொல்றாரு. (ஒரு வாசகர்)

விதி இருக்கு, காரணம் ஜனங்க சேர்த்தது. 1831 ஆகஸ்ட்ல மிசௌரி ஆத்துல படகுல வந்தப்ப, கூட வந்த ஃபெல்ப்ஸ்ங்கறவர் பட்டப்பகல்ல, அழிக்கிறவன் தண்ணி மேல சவாரி பண்றதைத் தரிசனமா பார்த்தாருன்னு அவங்க பதிவுல இருக்கு, அதை ஒட்டி வந்த வெளிப்பாடு அவங்களோட இன்னொரு வேதப் புத்தகத்துல 61-ஆவது பகுதியா இருக்கு. பத்தொன்பது, இருபது வயசுப் பசங்க முன்பின் தெரியாத ஊர்ல ஆத்துலயும் கடல்லயும் இறங்கி ஆபத்துல மாட்டக் கூடாதுங்கறது சாதாரணமான ஒரு கவலை, ஆனா பசங்க வாயில அது சாத்தான் கதையாத்தான் ஓடும்.

வெள்ளை சாலமாண்டர்னு ஒரு விஷயத்தைப் பத்தி சொல்ல முடியுமா? (ஒரு வாசகர்)

இது நடுங்க வைக்கற விஷயம். சாலமாண்டர்னா பல்லி மாதிரி இருக்கற, ஆனா தவளை இனத்துக்கு சொந்தமான பிராணி, ஐரோப்பாவுல அது நெருப்புலயும் வாழும்னு பழைய நம்பிக்கை. 1984-ல ஒரு பழைய கடிதம் வெளிய வந்துச்சு, 1830-ல மார்ட்டின் ஹாரிஸ் எழுதினதா. இந்த ஹாரிஸ்தான் மார்மன் புத்தகம் அச்சடிக்கப் பணம் கொடுத்தவர். தங்கத் தகட்டைக் காத்தது தேவதூதன் இல்ல, ஒரு வெள்ளை சாலமாண்டர், அது ஆவியா மாறி ஜோசஃப் ஸ்மித்தை அடிச்சுதுன்னு அதுல இருந்துச்சு. ஸ்டீவன் கிறிஸ்டென்சன்ங்கற மார்மன் வியாபாரி 40,000 டாலர் கொடுத்து வாங்கினாரு. சபைக்குள்ள பெரிய கலக்கம். சில பேர் அதிர்ந்து போனாங்க, சில அறிஞர்கள், அந்தக் காலத்து கிராமத்துல மந்திரம், புதையல் தோண்டறது எல்லாம் சகஜம், ஜோசஃப் ஸ்மித்தும் சின்ன வயசுல புதையல் தேடினவர்தானே, அப்ப இதுவும் பொருந்துதுன்னு விளக்கம் எழுதினாங்க.

எல்லாம் போலி. மார்க் ஹாஃப்மன்ங்கறவன் எழுதி, மையைப் பழசு மாதிரி ஆக்கி வித்தது. பொய் வெளிய வந்துடும்னு பயந்து 1985 அக்டோபர் 15-ஆம் தேதி சால்ட் லேக் சிட்டியில வெடிகுண்டு வச்சு ரெண்டு பேரைக் கொன்னான், அதுல ஒருத்தர் அந்த கிறிஸ்டென்சன். மறுநாள் இன்னொரு குண்டு அவன் கார்லயே வெடிச்சு அவனே மாட்டினான். மைக்ராஸ்கோப்ல பார்த்தா அவன் எழுதின எழுத்தோட மை முதலைத் தோல் மாதிரி வெடிச்சிருந்துச்சு, அதை வச்சுதான் கண்டுபிடிச்சாங்க. 1987-ல குத்தத்தை ஒத்துக்கிட்டு ஆயுள் தண்டனை.

ஏன் இவ்வளவு பேர் நம்பினாங்க? ஹாஃப்மன் தானே மார்மன் குடும்பத்துல வளர்ந்தவன், அந்த ஜனத்தோட கதை எப்படி ஒலிக்கும்னு அவனுக்கு அத்துப்படி. 1834-லயே சபைக்கு எதிரா வந்த ஒரு புத்தகத்துல, தகடு இருந்த பெட்டியில தேரை மாதிரி ஒண்ணு இருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்ன பேச்சு இருக்கு. அந்த விதையை எடுத்துத்தான் மரம் வளர்த்தான். ரிச்சோட பொய்யால ஒரு தூண்டிலும் கயிறும்தான் செலவு, இவன் பொய்க்கு ரெண்டு உயிர்.

இவங்க அடையாளமா கொண்டாடற பறவை ஏதோ இருக்கறதா கேள்விப்பட்டேன். (பறவை பார்க்கும் ஆர்வம் உள்ள வாசகி)

கலிஃபோர்னியா கடற்காகம், கடல் புறான்னும் சொல்லலாம். உட்டாவோட மாநிலப் பறவை, கடலே இல்லாத மாநிலத்துக்கு!

1848-ல, வந்து சேர்ந்த மறு வருஷம், முதல் கோதுமை தலை எடுக்கும்போது மலையிலேர்ந்து கருப்பா, பறக்கத் தெரியாத, கட்டை விரல் பருமன்ல பூச்சிக் கூட்டம் இறங்கி வயலை மேய ஆரம்பிச்சுது. இன்னிக்கும் அதுக்கு மார்மன் கிரிக்கெட்னுதான் பேரு. துடைப்பத்தால அடிச்சாங்க, வாய்க்கால்ல தள்ளினாங்க, தீ வச்சாங்க, ஒண்ணும் ஆகல. அப்ப கடற்காகங்க கூட்டம் கூட்டமா வந்து பூச்சியைத் தின்னுச்சு, வயிறு முட்ட தின்னு, கக்கிட்டு, மறுபடி தின்னுச்சு, மிச்சப் பயிர் தப்பிச்சுது. கடவுள் அனுப்பின பறவைன்னு கதை. 1913-ல கோயில் வளாகத்துலயே அதுக்கு நினைவுத் தூண் வச்சாங்க, செதுக்கினவர் பிரிகாம் யங்கோட பேரன் மஹோன்ரி யங்.

அந்த வருஷம் எழுதின பல டைரிகள்ல இது அற்புதம்னு பெருசா பேச்சில்ல, கடற்காகங்க வருஷா வருஷம் அங்க வர்றதும் உண்மை, தின்ன பூச்சியோட ஓட்டைக் கக்கறது அதோட சுபாவம். பூச்சிக்கும் பனிக்கும் அந்த வருஷம் நிறைய பயிர் போயிடுச்சு. இருந்தும் இந்தக் கதையை நான் மதிக்கறேன், ஏன்னா பசி நிஜம், அந்தப் பறவையும் நிஜம். இன்னொண்ணும் சொல்லணும், அந்தப் பூச்சிதான் ஷோஷோனி, யூட், கோஷூட் மக்களுக்கு வறுத்து, மாவாக்கி சேமிச்சு வைக்கற சாப்பாடு. ஒருத்தருக்கு சாபமா வந்தது இன்னொருத்தருக்கு அறுவடை. தூண்ல அவங்களுக்கு எடம் இல்ல.

நீங்க பறவை பார்க்கறவங்கங்கறதால இதையும் எழுதறேன். அந்தக் கடற்காகங்க கூடு கட்டறது கிரேட் சால்ட் லேக் தீவுகள்லயும் கரையிலயும்தான். ஏரிக்கு வர்ற ஆத்துத் தண்ணியை வயலுக்கும் ஊருக்கும் திருப்பித் திருப்பி 2022 நவம்பர்ல ஏரி அதுவரைக்கும் பதிவானதுலயே ரொம்ப கீழ போயிடுச்சு, தண்ணி வத்தினதும் தீவுக்கும் கரைக்கும் தரை வழி திறந்து ஓநாய் இனத்து கயோட்டிங்க நடந்தே கூட்டுக்குப் போகுது. அங்க தீவுல இருந்த பெலிக்கன் கூட்டம் ஒண்ணு 2023-ல கூட்டைப் போட்டுட்டுப் போயிடுச்சு. பேர் லேக் தண்ணியும் பேர் ஆறு வழியா இந்த ஏரிக்குத்தான் வந்து சேருது.